ஊற்றிக்கொடுப்பவனுக்கு ஒரு பள்ளிக்கூடம்

பிரான்சில் எந்த ஊர் கபேவுக்குள் நுழைந்தாலும், கல்லாவுக்குப் பின்னாலோ கழிப்பறைக்குப் போகும் வழியிலோ ஒரு அறிவிப்புத் தாள் ஒட்டியிருக்கும். பொது இடத்தில் குடிபோதையைத் தண்டிக்கும் சட்டம், சிறுவர்களைக் காக்கும் சட்டம் என்று தலைப்புப் போட்டு, கீழே பொடி எழுத்தில் பிரிவு பிரிவாக அச்சிட்டிருப்பார்கள். அங்கே உட்கார்ந்து காப்பியோ வைனோ குடிக்கும் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். வேலை நாளெல்லாம் அரசாணைகளையும் சுற்றறிக்கைகளையும் படித்துக் கழித்தவனுக்குப் பொடி எழுத்து என்றால் ஒரு இழுப்பு. படித்ததோ பிரெஞ்சுப் பள்ளியில், பிறகு ஏன் விட வேண்டும்?

அந்தத் தாளின் பூர்வீகம் 1873. அந்த வருஷம் ஜனவரி 23-ஆம் தேதி வந்த சட்டம், தன்னுடைய வாசகத்தை எல்லா ஊர் மேரியின் வாசலிலும், எல்லாக் கபே, மதுக்கடைகளின் பெரிய கூடத்திலும் ஒட்டிவைக்க வேண்டும் என்று தானே ஒரு பிரிவில் சொல்லிக்கொண்டது. மேரி என்றால் என்ன என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடற்கரைச் சாலையில் இடிந்து விழுந்து, திரும்பக் கட்டிய நம் மேரி மாதிரி அங்கே ஊருக்கு ஒன்று.

1873 ஏன் என்று யோசித்தால் விஷயம் கொஞ்சம் விளங்கும். 1870-இல் பிரஷ்யர்களிடம் பிரான்ஸ் தோற்றது. அடுத்த வருஷம் பாரிசில் கம்யூன் எழுச்சி. அதை ரத்தத்தில் அடக்கினார்கள். தோல்விக்கு யார் காரணம் என்ற கேள்வி வந்தபோது, சபையில் இருந்த கனவான்களுக்குக் கைக்கெட்டிய பதில் ஒன்று கிடைத்தது: குடிகாரத் தொழிலாளி. தளபதிகளைக் குற்றம் சொல்வதைவிட இது சுலபம். அதற்கு இருபது வருஷம் முன்பே, 1851 டிசம்பரில், ஆட்சியைக் கவிழ்த்துப் பிடித்த லூயி நெப்போலியன், அந்த மாதம் முடிவதற்குள் மதுக்கடைகளையெல்லாம் மாவட்ட அதிகாரியின் அனுமதிக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார். அவர் பயந்தது குடிக்கு அல்ல, குடித்தபடி நடக்கும் அரசியல் பேச்சுக்கு. ஆக, மதுக்கடைச் சட்டம் என்று அங்கே ஒன்று வரும்போதெல்லாம் அதற்குள் வேறு ஏதாவது ஒரு பயம் ஒளிந்திருக்கும்.

1873 சட்டம் முதல் தடவையாகக் குடித்தவனையும் விற்றவனையும் ஒரே தாளில் வைத்தது. தெருவில் போதையோடு அகப்பட்டால் ஒன்று முதல் ஐந்து பிராங்க் வரை அபராதம். திரும்பத் திரும்ப அகப்பட்டால் சிறை. போதைக்காரனைக் காவல் நிலையத்துக்கு அவன் செலவிலேயே கொண்டுபோய், அவனுக்குப் புத்தி திரும்பும்வரை அங்கே வைத்திருக்கலாம் என்று ஒரு பிரிவு. அவன் செலவிலேயே! கணக்குப்பிள்ளைத்தனம் பிரெஞ்சு நிர்வாகத்தின் ரத்தத்தில் ஊறியது; அதில் பாதி நமக்கும் வந்திருக்கிறது. விற்பவனுக்கு இரண்டு தடைகள். பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குச் சாராய வகைகளை ஊற்றக் கூடாது. வெளிப்படையாகப் போதையில் இருப்பவனுக்கு ஊற்றவும் கூடாது, கடைக்குள் சேர்க்கவும் கூடாது. மீறினால் அவனுக்கும் அதே ஒன்று முதல் ஐந்து பிராங்க்.

'மனிஃபெஸ்த்மான் ஈவ்ர்' என்பது அந்தச் சொற்றொடர். வெளிப்படையாகப் போதையில் இருப்பவன். எழுதியவர்களுக்கு அர்த்தம் தெரிந்திருக்கும். ஆனால் வெளிப்படை என்றால் எது? தள்ளாடுவதா, நாக்குக் குழறுவதா, கண் சிவப்பதா, உரக்கப் பேசுவதா? உரக்கப் பேசுவது என்றால் மர்சேய் ஊரில் யாருக்கும் எதுவும் விற்க முடியாது. இதை முடிவு செய்ய வேண்டியவன் மருத்துவரும் அல்ல, போலீசும் அல்ல. கையில் பாட்டிலோடு நிற்கிறவன். அவனுக்கோ அடுத்த கோப்பை விற்றால்தான் வருமானம். சட்டம் அவனிடம் ஒரு நீதிபதியின் வேலையைக் கொடுத்தது. அதை எப்படிச் செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. சுவரில் ஒட்டு என்பதோடு சரி. இந்த ஒரு குறையைச் சரிசெய்ய பிரான்சுக்கு 133 வருஷம் பிடித்தது.

அந்த இடைக்காலத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆனால் கவனமெல்லாம் வேறு பக்கம். 1880 ஜூலையில் குடியரசுக்காரர்கள் பழைய அனுமதி முறையைத் தூக்கி எறிந்தார்கள். மேரியில் ஒரு அறிவிப்புக் கொடுத்தால் போதும், யார் வேண்டுமானாலும் மதுக்கடை திறக்கலாம் என்றானது. முதல் உலகப்போருக்கு முன் நாலரை லட்சத்துக்கும் மேல் கடைகள். நாலு கோடி ஜனத்துக்கு என்று வகுத்துப் பாருங்கள். குழந்தை குட்டி எல்லாம் சேர்த்து எண்பது, தொண்ணூறு பேருக்கு ஒரு கடை. கடைக்காரன் ஊரில் பெரிய மனிதன். தேர்தல் கூட்டம் அவன் கடையில்தான் நடக்கும். அவன் மேல் கை வைக்க எந்தச் சட்டசபை உறுப்பினருக்குத் துணிச்சல் வரும்? சோலாவின் 'லசொம்முவார்' நாவல் இந்தச் சட்டம் வந்து நாலே வருஷத்தில் புத்தகமானது. அதில் வரும் மதுக்கடையில் சாராயம் காய்ச்சும் இயந்திரமே கூடத்துக்குப் பின்னால் நிற்கும். அந்தக் காலத்துச் சங்கதி தெரிய வேண்டுமானால் சட்டப் புத்தகத்தைவிட அது உதவும்.

இன்னொரு வேடிக்கை, நல்ல மது கெட்ட மது என்ற பாகுபாடு. திராட்சை வைன், பீர், ஆப்பிளில் செய்யும் சீத்ர் மூன்றும் 'சுகாதாரமான பானங்கள்'. பீட்ரூட், உருளைக்கிழங்கு, தானியத்திலிருந்து காய்ச்சி இறக்குவது விஷம். 1900 வாக்கில் பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்டிய மதுவிலக்குப் படங்களில் ஒரு பக்கம் அழகான திராட்சைக் குலை, மறு பக்கம் கெட்டுப்போன ஈரல். எல்லாம் ஒரே ஆல்கஹால்தான் என்று சொல்ல திராட்சை விவசாயிகளின் ஓட்டு இடம் கொடுக்கவில்லை. 1915 மார்ச்சில் அப்சேன்த் என்ற பச்சைச் சாராயத்தைத் தடை செய்தார்கள். அதே போரில் முன்னணியில் நின்ற சிப்பாய்க்குத் தினசரிப் படியாகக் கால் லிட்டர் வைன், பிறகு அரை லிட்டர். ஒரு கையால் பிடுங்கி மறு கையால் ஊற்றுவது.

1941-இல் விஷி அரசாங்கம் மதுவகைகளைக் குழு குழுவாகப் பிரித்து, கடைகளுக்கு எண் வைத்த உரிமங்களை ஏற்படுத்தியது. எல்லா வகையும் விற்கும் நாலாம் எண் உரிமத்தைப் புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை என்ற விதியும் அப்போது வந்ததுதான். வேண்டுமானால் இருக்கிறவனிடம் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஜெர்மானியர் காலத்துச் சட்டங்களில் பலவற்றை விடுதலைக்குப் பிறகு கிழித்தெறிந்தார்கள், இதைக் கிழிக்கவில்லை. கடைகளின் எண்ணிக்கையைக் குறைக்க இது உதவியது. ஆனால் கடைக்குள் என்ன நடக்கிறது என்பது பழையபடியே.

இங்கே நம் ஊரையும் ஒரு நிமிஷம் தொட்டுவிட்டுப் போக வேண்டும். 1954 அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்பு, 21-ஆம் தேதி ஒப்பந்தம், நவம்பர் 1 கொடி மாற்றம். எனக்கு அப்போது நாலு வயது. கொடி ஞாபகமில்லை, கூட்டம் ஞாபகம் இருப்பதுபோல் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தைச் செய்த பிரெஞ்சுப் பிரதமர் பியேர் மெந்தேஸ் பிரான்ஸ். நம்மைக் கொடுத்துவிட்டுப் போன அதே நவம்பர் மாதத்தில் அவர் செய்த இன்னொரு காரியம், மதுப்பழக்கத்தை ஆராய்ந்து மக்களுக்குத் தெரிவிக்க ஒரு உயர்மட்டக் குழுவை அமைத்தது.  மனிதர் பொது விருந்திலும் பால் குடிப்பார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். அதற்காகப் பத்திரிகைகள் அவரைக் கேலி செய்தது கொஞ்சநஞ்சமல்ல. 1955 பிப்ரவரியில் அவர் ஆட்சி கவிழ்ந்தது. இந்தோசீனா, வட ஆப்பிரிக்கா என்று பெரிய காரணங்கள் உண்டு. வீட்டில் சாராயம் காய்ச்சும் உரிமை வைத்திருந்தவர்களின் கோபமும் சும்மா இருக்கவில்லை. 1956-இல்தான் பள்ளி உணவுக்கூடத்தில் பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு வைன் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஆமாம், அதுவரை கொடுத்தார்கள். நம்பாதவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மதுக்கடைக்காரனின் பொறுப்பு என்ற பேச்சைத் திரும்ப மேலே கொண்டுவந்தது மோட்டார் கார். கார் பெருகப் பெருகச் சாவு பெருகியது. 1970 ஜூலைச் சட்டம் முதல் தடவையாக ரத்தத்தில் இத்தனை கிராம் என்று ஒரு எண்ணை எழுதியது: லிட்டருக்கு 0.80 கிராம் தாண்டினால் குற்றம், 1.20 தாண்டினால் பெருங்குற்றம். 1978-இலிருந்து விபத்து நடக்காமலே சாலையில் நிறுத்தி ஊதச் சொல்லலாம். 1995-இல் எல்லை 0.50 ஆனது. 'வெளிப்படையாக' என்ற பழைய சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு அளவு வந்து உட்கார்ந்தது. இது பெரிய மாற்றம். சாலையில் நிற்கும் போலீஸ்காரனுக்குக் கருவி இருக்கிறது. கோப்பையை நீட்டும் பணியாளுக்கு இன்னமும் தன் கண்தான். தள்ளாடாமல், குழறாமல், மரியாதையாகப் பேசிக்கொண்டே 0.80 தாண்டி உட்கார்ந்திருக்கும் ஆட்கள் உண்டு. பழகிய குடியருக்கு அது சர்வ சாதாரணம்.

கடைசியில் 2006 மார்ச் 31-ஆம் தேதிச் சட்டம். அதன் பெயர் 'வாய்ப்புகளில் சமத்துவம்'. பிரான்ஸ் செய்திகளைப் பின்தொடர்ந்தவர்களுக்கு அந்த வசந்தகாலம் நினைவிருக்கும். இளைஞர்களை முதல் இரண்டு வருஷத்தில் காரணம் சொல்லாமல் வேலையிலிருந்து நீக்கலாம் என்ற பிரிவுக்கு எதிராக லட்சக்கணக்கான மாணவர்கள் தெருவில் நின்றார்கள். ஏப்ரலில் வில்பேன் அரசாங்கம் அந்தப் பிரிவைத் திரும்பப் பெற்றது. அத்தனை ரகளைக்கு நடுவில் அதே சட்டத்தில் ஒரு மூலையில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது இன்னொரு பிரிவு: மதுக்கடை திறப்பவர், வாங்குபவர், இடம் மாற்றுபவர் பயிற்சி பெற்றே ஆக வேண்டும். முடித்தால் 'பெர்மி தெக்ஸ்ப்லுவத்தசியோன்', அதாவது கடை நடத்த அனுமதிச் சீட்டு. பத்து வருஷம் செல்லும். மேரியில் கொடுக்கும் அறிவிப்போடு அந்தச் சீட்டும் இருக்க வேண்டும். 1880-இல் வெறும் அறிவிப்பு, அதற்கு முன் அதிகாரியின் தயவு, இப்போது பாடம். மதுவோடு சாப்பாடு போடும் உணவகங்களுக்கும் இது உண்டு.

இதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். என் தங்கை மகன் பாரிசுக்கு வெளியே ஒரு சின்ன உணவகம் திறந்தது 2014-இல். சொல்தா குடும்பம், அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவன் வாங்கியது சிறிய உணவக உரிமம்: வைன், பீர் வகைகளை மட்டும், அதுவும் சாப்பாட்டு வேளையில், சாப்பாட்டுக்குத் துணையாக மட்டுமே கொடுக்கலாம். அதற்கே மூன்று நாள், இருபது மணி நேர வகுப்பு. இந்தத் தொழிலில் பத்து வருஷம் இருந்தவர்களுக்கு ஆறு மணி நேரம் போதும். இவன் அதுவரை கணினி விற்றுக்கொண்டிருந்தவன். "மாமா, பிரியாணி போடுறதுக்கு வக்கீல் படிப்பு படிக்கச் சொல்றாங்க" என்று தொலைபேசியில் புலம்பினான்.

பாடத்தைப் பார்த்தால் புலம்பலில் நியாயம் இருந்தது. மதுக்கடை உரிமங்கள், சிறுவர் பாதுகாப்பு, பொதுவிடப் போதை, போதைமருந்துச் சட்டம், சத்தக் கட்டுப்பாடு, இனம் நிறம் பார்த்து வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது, எதற்கெல்லாம் அதிகாரி கடையை மூடலாம் என்பது, சிவில் கிரிமினல் பொறுப்பு. மதுவகை விற்காத பானங்கள் குறைந்தது பத்து பாட்டிலைக் கண்ணில் படும்படி அடுக்கிவைக்க வேண்டும் என்பதுகூட உண்டு. ஆனால் அவன் மனதில் தங்கியது இரண்டு விஷயம். பயிற்சியின் சாரமும் அந்த இரண்டுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்று, கோப்பைக் கணக்கு. கால் லிட்டர் சாதாரண பீர், பத்து சென்டிலிட்டர் வைன், மூன்று சென்டிலிட்டர் விஸ்கி: மூன்றிலும் இருப்பது ஏறக்குறைய அதே பத்து கிராம் ஆல்கஹால். சுகாதாரமான பானம், விஷ பானம் என்ற பழைய பள்ளிப் படங்களெல்லாம் இந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகின்றன. ஒரு கோப்பை ரத்தத்தில் சுமார் 0.20 முதல் 0.25 கிராம் ஏற்றும். மெலிந்தவருக்கும் பெண்களுக்கும் இன்னும் கூட. வெறும் வயிற்றில் அரை மணியில் உச்சம், சாப்பிட்டிருந்தால் ஒரு மணி ஆகும். இறங்குவது மணிக்கு 0.10 முதல் 0.15 வரைதான். காப்பி, குளியல், வாந்தி எதுவும் அதை வேகப்படுத்தாது.

நம் ஊர் வழக்கில் இதைப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம். ஒரு சின்ன பெக் 30 மில்லி. கணக்குப் போட்டால் அதே பத்து கிராம். பெரிய பெக் என்றால் இருபது. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது பிரெஞ்சுக் கணக்கில் லிட்டருக்கு 0.30. பிரான்சைவிட நம்முடையது கண்டிப்பு! ஒரு பெரிய பெக்கிலேயே பலர் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார்கள். குவார்ட்டர் என்பது 180 மில்லி, ஆறு சின்ன பெக். ராத்திரி பதினோரு மணிக்குக் குவார்ட்டரை முடித்தவன் உடம்பு அதைக் கழிக்கக் குறைந்தது எட்டு மணி நேரம், பலருக்குப் பத்து பன்னிரண்டு. மோர் குடித்து, எலுமிச்சை பிழிந்து தலையில் தேய்த்துக் குளித்து, நெற்றியில் விபூதியோடு காலை ஆறரைக்கு ஸ்கூட்டர் எடுக்கிறவன் இன்னும் போதையில்தான் ஓட்டுகிறான். அவனுக்கு அது தெரியாது. ஊற்றிக்கொடுத்தவனுக்கும் தெரியாது.

இரண்டாவது, மறுப்பது எப்படி என்பது. வகுப்பில் ஒருவரைக் குடிகாரனாக நடிக்கச் சொல்லி இன்னொருவரைக் கடைக்காரனாக நிறுத்தினார்களாம். என் மருமகன் முதல் முயற்சியிலேயே "நீங்க ரொம்பக் குடிச்சிட்டீங்க" என்றிருக்கிறான். பாடம் நடத்தியவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். போதையில் இருக்கிறவனிடம் சொல்லவே கூடாத வாக்கியம் அதுதான் என்றாராம். நாலு பேர் எதிரில் சொல்லாதே, தனியாகச் சொல். அவனைப் பற்றிப் பேசாதே, 'என்னால் இனி ஊற்ற முடியாது, சட்டம் விடாது' என்று உன்னைப் பற்றிச் சொல். அதற்கு முன்பே வேகத்தைக் குறை: தண்ணீர் வை, சாப்பிட ஏதாவது வை, காலிக் கோப்பையைக் கண்டும் காணாமல் இரு. கூட வந்தவர்களில் தெளிவாக இருப்பவனைத் தேடிப் பிடி. டாக்சிக்குச் சொல்.

இதைக் கேட்டபோது எனக்கு நம் ஊர் பணியாள் ஒருவர் ஞாபகம் வந்தார். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்ற நாள்; நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு பாருக்குப் போயிருந்தோம். கடையின் பெயர் வேண்டாம். பரிமாறியவருக்கு அறுபது வயதிருக்கும், மெலிந்த தேகம், தோளில் துண்டு. எங்களில் ஒருவர், நல்ல மனிதர்தான், குடித்தால் மட்டும் நிறுத்தத் தெரியாது. நாலாவது பெக்குக்குப் பிறகு அவர் கேட்பது வரத் தாமதமானது. "இதோ சார்" என்பார் பெரியவர். வருவது சுண்டலும் தண்ணீரும். ஐந்தாவது வந்தது, பாதியும் சோடா. பிறகு மெதுவாக என் பக்கத்தில் குனிந்து, "சார், அவர் வண்டிச் சாவிய நீங்க வாங்கிக்குங்க" என்றார். யாரும் அவருக்கு எந்த வகுப்பும் எடுத்திருக்க மாட்டார்கள். முப்பது நாற்பது வருஷம் மேசை மேசையாகப் பார்த்துப் பார்த்துத் தானே கற்ற பாடம் அது.

நண்பருக்கு அது புரிந்துவிட்டது. குடிகாரர்களுக்குப் புரியாது என்று நினைப்பது தப்பு. அவமானம் மட்டும் உடனே புரியும். எழுந்துபோய்க் கல்லாவில் சத்தம் போட்டார். கல்லாவில் இருந்தவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. எங்கள் எதிரிலேயே பெரியவரைத் திட்டினார். "கஸ்டமர் கேட்டா குடுக்கிறதுதான் உன் வேலை, நீ என்ன டாக்டரா?" என்றார். வேறு பையன் ஒருவன் வந்து ஆறாவது பெக்கை வைத்துவிட்டுப் போனான். சாவி என் பையில் இருந்தது. அவரை ஆட்டோவில் ஏற்றி வீட்டில் விட்டோம். பெரியவர் அன்றைக்குப் பிறகு எங்கள் மேசைப் பக்கம் வரவில்லை, டிப்ஸ் கொடுக்கவும் கண்ணில் படவில்லை.

பிரெஞ்சுச் சட்டம் செய்தது சின்ன விஷயம்தான் என்று சிலர் சொல்வார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவனை மூன்று நாள் பெஞ்சில் உட்காரவைத்தது. ஆனால் அந்தப் பெரியவருக்கு அன்று இல்லாமல் போனது அதுதானே. தனக்கு என்ன தெரியும் என்பதில் அவருக்குக் குறை இல்லை. தனக்குப் பின்னால் நிற்க ஒரு முதலாளி இல்லை, முதலாளியைப் பயமுறுத்த ஒரு சட்டம் இல்லை. அங்கே பணியாள் மறுத்துவிட்டு, சுவரில் இருக்கும் தாளைக் காட்டலாம். முதலாளி அவனைத் திட்ட நினைத்தாலும், போதையில் இருப்பவனுக்கு ஊற்றினால் 750 யூரோ வரை அபராதம், கடையை மூடிவிடவும் வாய்ப்புண்டு என்பது அவருக்கு வகுப்பில் சொல்லப்பட்டிருக்கிறது.

சிக்கல் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. போதையில் இருப்பவனைக் கடைக்குள் சேர்க்காதே என்கிறது ஒரு சட்டம். சரி என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால், அவன் குளிரில் விறைத்தோ கார் ஏற்றியோ செத்தால், ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் போன குற்றம் என்று தண்டனைச் சட்டத்தில் இன்னொரு பிரிவு காத்திருக்கிறது. ஐந்து வருஷம் வரை சிறை. அவன் சாவியோடு காருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற கடைக்காரர்கள் நீதிமன்றக் கூண்டில் ஏறியிருக்கிறார்கள். உள்ளே வைத்தாலும் குற்றம், வெளியே விட்டாலும் குற்றம். நடுவில் இருக்கும் ஒரே வழி, யாராவது வந்து கூட்டிப்போகும்வரை தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, முடியாவிட்டால் போலீசையோ மருத்துவ உதவியையோ கூப்பிடுவது. 1873-இல் எழுதாமல் விட்ட பாதி இதுதான்.

2006-க்குப் பிறகும் திருகாணியை இன்னும் கொஞ்சம் முறுக்கினார்கள். 2009-இல் வயது வரம்பு எல்லா மதுவுக்கும் பதினெட்டானது. ஒரு கட்டணம் கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற ஏற்பாட்டுக்குத் தடை. விலை குறைத்து விற்கும் 'ஹாப்பி அவர்' நேரத்தில் மதுவில்லாத பானத்தையும் விலை குறைத்தே விற்க வேண்டும். எனக்குப் பிடித்த பிரிவு இது. இரவு பத்து மணிக்கு மேல் பாட்டிலாக விற்கும் கடைகளுக்கும் ஒரு பயிற்சி. விடியற்காலை வரை திறந்திருக்கும் இடங்களில் ஊதிப் பார்க்கும் கருவி வைக்க வேண்டும் என்று 2011-இல் வந்தது. வாடிக்கையாளரிடம் வயதுச் சான்று 'கேட்கலாம்' என்று இருந்ததை 2016-இல் 'கேட்க வேண்டும்' என்று மாற்றினார்கள். கோப்பு எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று. 1961-இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒரு பிரெஞ்சுக்காரர் வருஷத்துக்குச் சுமார் 26 லிட்டர் சுத்த ஆல்கஹால் குடித்தார். இப்போது அதில் பாதிக்கும் குறைவு. இதில் பயிற்சியின் பங்கு பெரிது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இறக்கம் 2006-க்கு வெகு முன்பே, சாப்பாட்டு மேசையில் தினசரி வைன் குறைந்தபோதே தொடங்கிவிட்டது. கபேக்களும் அப்படியே, 1960 வாக்கில் இரண்டு லட்சம் இருந்தவை இப்போது நாற்பதாயிரத்துக்கும் கீழே. கிராமங்களில் மனிதர் கூடிப் பேசக் கடையே இல்லை என்று 2019 டிசம்பரில் சின்ன ஊர்களுக்கு மட்டும் நாலாம் எண் உரிமத்தைத் திரும்பத் திறந்துவிட்டார்கள், மூன்று வருஷத்துக்கு. மதுக்கடையைக் கண்டு பயந்த அரசாங்கம் மதுக்கடை இல்லாததைக் கண்டும் பயப்படும் காலம் வந்துவிட்டது.

என் கண்ணில் படும் பெரிய ஓட்டை வேறு. பயிற்சி கட்டாயம் என்பது கடை நடத்துபவருக்குத்தான். மேசைக்கு மேசை நடந்து, கண்ணைப் பார்த்து, கோப்பையை வைப்பவனுக்குச் சட்டப்படி எதுவும் கட்டாயமில்லை. முதலாளி தான் கற்றதைச் சொல்லிக்கொடுத்தால் உண்டு. சனிக்கிழமை ராத்திரி முதலாளி வீட்டில் தூங்குவார். நிற்கிறவன் இருபத்திரண்டு வயதுப் பையன்.

என் மருமகனின் சீட்டு 2024-இல் காலாவதியானது. புதுப்பிக்க ஆறு மணி நேர வகுப்பு. இந்தத் தடவை அவன் புலம்பவில்லை. தன்னிடம் பரிமாறும் இரண்டு பேரையும் கூட அழைத்துக்கொண்டு போனான். அவர்கள் கட்டணமும் அவனே கட்டினான். ஒருத்தி போர்த்துகீசியப் பெண், இன்னொருவன் நம் வில்லியனூர்ப் பையன், வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பையனுக்குப் பிரெஞ்சு இன்னும் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. மறுக்கும் வாக்கியத்தை மட்டும் வகுப்பில் பத்துத் தடவை சொல்லவைத்தார்களாம், இப்போது அது மட்டும் பிழையில்லாமல் வருகிறது என்று தங்கை சொன்னாள்.